பசு என்ன சொல்லும்?

கேள்வி கேட்பது என் தொழில். அதற்குப் பதில் சொல்வதும் என் தொழில்தான். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் நான் உபதேசியாராக இருந்தேன். சாமியார் பிரஞ்சுக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் அவர் பேசுவது தமிழ் என்று எங்கள் சனங்களுக்குப் பிடிபடவே பாதிப் பூசை முடிந்துவிடும். அதனால் ஞானோபதேசம் முழுவதும் என் தலையில் விழுந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், சாலைக்குக் கல் உடைக்கிறவர்கள், சலவைக்காரர்கள் எல்லாரும் ஞாயிறு பிற்பகல் வந்து உட்காருவார்கள். எழுத்து தெரிந்தவர்கள் அதில் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். நான் கேள்வியைச் சொல்வேன், கையோடு பதிலையும் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நூறு தடவை சொன்னால் கல்லும் மனப்பாடம் செய்யும் என்பது என் கட்சி.

இந்த வித்தையை என் மகளிடமும் காட்டினேன். அவளுக்கு அப்போது ஒரு வயது முடிந்து இரண்டு மாதம். கோயில் வளவுக்குப் பின்னால், பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையும் போட்ட வீடு எங்களுடையது. மாலையில் அவளைப் பாயில் உட்கார வைத்து, எதிரே நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இது யாரு? அப்பா. சொல்லு, அப்பா. அது யாரு? அம்மா. சொல்லு, அம்மா" என்று ஆரம்பிப்பேன். அவள் என் வாயைப் பார்ப்பாள். என் மீசையைப் பார்ப்பாள். பிறகு பாயின் ஓரத்தில் பிரிந்துகிடக்கும் கோரையைப் பிய்க்கப் போய்விடுவாள். நான் விட மாட்டேன். தோளைப் பிடித்துத் திருப்பி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். பத்தாவது தடவைக்கு என் குரல் உயரும், பதினோராவது தடவைக்கு அவள் அழுவாள். அன்றைய பாடம் அத்தோடு முடியும்.

பக்கத்துச் சலவைக்காரர் வீட்டுப் பையன் இவளுக்கு இரண்டு வாரம் இளையவன். அவன் 'காக்கா' என்றான், 'பூ' என்றான், 'வேணாம்' என்றுகூடச் சொன்னான். என் மகள் வாய் திறந்தால் ஊங்காரம் மட்டும்தான் வந்தது. பூசை முடிந்து வெளியே நிற்கும் பெண்கள் அவள் மோவாயைத் தொட்டு, "இன்னும் பேசலையா?" என்பார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். அந்தப் பயத்தின் காரணம் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காரைக்காலில் எனக்கு ஒரு தம்பி இருந்தான். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வரவில்லை. கடற்கரையில் வலை பின்னிக்கொண்டும் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டும் இருந்தான். நான் கப்பலேறி இங்கே வந்து, சாமியார் எனக்குப் பெண் பார்த்தபோது, "வீட்டில் யார் யார்?" என்று கேட்டார். அம்மாவும் ஒரு தங்கையும் என்றேன். தம்பியைச் சொன்னால் பெண் கிடைக்காது, கிடைத்தாலும் பிள்ளைக்கும் அப்படி வருமோ என்று யோசிப்பார்கள் என்பது என் கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மறைப்பதும் சுலபமாகத்தான் இருந்தது. என் மனைவி இங்கேயே வளர்ந்தவள். பெற்றோர் இருவரும் ஒரே வாரத்தில் காலராவில் போக, எட்டு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். அங்கே அவளுக்கு இங்கிலீஷ் எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து வயதிலிருந்தே மடத்து வாசலில் கிடத்தப்பட்ட குழந்தைகளைத் தூக்கி வளர்க்கும் வேலையும் கொடுத்தார்கள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஊரிலிருந்து கடுதாசி வந்தால் நான்தான் உரக்கப் படித்துச் சொல்வேன். 'சின்னவன் சுகமாயிருக்கிறான்' என்று ஒவ்வொரு கடுதாசியிலும் அம்மா ஒரு வரி எழுதச் சொல்லியிருப்பாள். அந்த வரியைத் தாண்டிவிடுவேன். பதில் எழுதும்போது எல்லோருடைய நலத்தையும் முறை வைத்து விசாரிப்பேன், அவனை மட்டும் விட்டுவிடுவேன். எழுதிய பிறகு அவளுக்கு வாசித்துக் காட்டும் வழக்கம் எங்களிடம் இருந்தது.

மகள் பேசாதது என் தலையில் இடியாக இறங்கியது இதனால்தான். ஒரு நாள் அவளுக்குப் பின்னால் பித்தளைத் தட்டைப் போட்டுப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. வாசற்படியில் ஊர்ந்த மரவட்டையில் அவளுக்குக் கவனம். மறுநாள் மறுபடி போட்டேன். உடனே திரும்பிப் பார்த்தாள். அதிலும் நிம்மதி இல்லை. ஏனென்றால் என் தம்பியும் தட்டு விழுந்தால் திரும்புவான். சத்தத்துக்கு அல்ல, தரை அதிர்வதற்கு. எங்கள் வீட்டுத் தரையும் பலகை.

அதிராத சத்தம் வேண்டும் என்று பூசையில் அடிக்கும் கைமணியை மேல்துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று அதை எடுக்கும்போது மனைவி உள்ளே வந்தாள்.

"பூசை மணிய எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்தீங்க?"

"துலக்கணும். களிம்பு பிடிச்சுக் கிடக்கு" என்றேன்.

அவள் புளியும் சாம்பலும் கொண்டுவந்து வைத்தாள். அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த மணியைத் தேய்த்தேன். அவ்வளவு பளபளப்பாக அந்த மணி அதற்கு முன் இருந்ததே இல்லை என்று மறுநாள் சாமியார் பாராட்டினார்.

மனைவி இதற்கெல்லாம் கலங்கவில்லை. அவள் பாட்டுக்குக் குழந்தையோடு பேசிக்கொண்டே இருந்தாள். அரிசி களையும்போது, "தண்ணி ஊத்தறோம், கலக்கறோம், ஊத்தறோம்" என்பாள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்வாளே தவிர, தான் சொல்ல நினைத்ததைப் பார்க்க வைக்க மாட்டாள். குழந்தை 'ஊங்' என்றால் அவளும் 'ஊங்' என்று பதில் சொல்லிவிட்டு, "அப்படியா, அப்புறம்?" என்று கேட்பாள். பெரிய விவகாரம் பேசுகிற மாதிரி இரண்டு பேரும் ஊங்காரம் போட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். பேசத் தெரிந்தவள் பேசத் தெரியாதவள் மாதிரி பேசினால் பிள்ளை எங்கே உருப்படும் என்று நினைப்பேன்.

இன்னொரு விளையாட்டும் உண்டு. அவள் உள்ளங்கையை விரித்து நீட்டி, "தா" என்பாள். அவ்வளவுதான், பிறகு சும்மா இருப்பாள். குழந்தை யோசித்து யோசித்து, கையிலிருக்கும் கரண்டியையோ புளியங்கொட்டையையோ அந்த உள்ளங்கையில் வைக்கும். வைத்ததும், "இந்தா" என்று குழந்தைக்குப் பதிலாக அவள் மெதுவாகச் சொல்வாள். உடனே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கொடுப்பதும் வாங்குவதுமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது நடக்கும். நானும் ஒரு முறை கையை நீட்டினேன். குழந்தை யோசிப்பதற்குள் நானே கரண்டியைப் பிடுங்கிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

அந்தக் காலத்தில் சாலையின் இரு பக்கமும் மாட்டுக் கொட்டகைகள். குதிரைப் பந்தய மைதானத்துப் பக்கம் நின்றாலும் சாண வாடை வரும். எங்கள் பால்காரர் விடியற்காலையில் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வாசலுக்கே வந்து கறந்து கொடுப்பார். மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். பசு ஒரு தடவை கத்தும். அவள் குழந்தையிடம், "பசு என்ன சொல்லும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். பால்காரரும் செம்பை முழங்காலில் இடுக்கியபடி குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். யாரும் பேச மாட்டார்கள். பால் வீட்டுக்குள் வர நேரமாகும், எனக்குக் கோயிலுக்கு நேரமாகும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் உள்ளிருந்தே, "மா-ன்னு சொல்லும். கறங்கய்யா சீக்கிரம்" என்று கத்தினேன்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "பதில உங்ககிட்ட கேக்கல."

பால்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் பசுவின் வயிற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே வந்ததும் அவளிடம் சண்டைக்குப் போனேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க கேள்வியும் கேக்கறீங்க, பதிலையும் சொல்லிடறீங்க. அவளுக்கு என்ன வேல மிச்சம் இருக்கு? மடத்துல பேசாத புள்ளைங்க எத்தனையோ பாத்திருக்கேன். கேட்டுட்டு சும்மா இருக்கணும். நமக்குத்தான் அது ரொம்ப நேரம். புள்ளைக்கு அப்பத்தான் வார்த்த கெளம்பும்."

"எவ்வளவு நேரம் சும்மா இருக்கறது?"

"ஒரு 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் சொல்ற நேரம். மனசுக்குள்ள சொல்லுங்க. உங்களுக்குத்தான் மந்திரம் தண்ணி பட்ட பாடாச்சே."

இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஞாயிறு பிற்பகல் ஞானோபதேசத்தில் நின்றபோது அவள் சொன்னது காதில் குடைந்தது. பரீட்சை செய்து பார்ப்போம் என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடினேன். மனசுக்குள் மந்திரத்தை ஆரம்பித்தேன். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவர் எழுந்து, "உபதேசியாரே, தலை சுத்துதா?" என்று கேட்டார். இன்னொருவர் தண்ணீர் கொண்டுவரப் போனார். ஏழு வருஷமாக நான் கேட்ட அதே கேள்விக்கு, நான் எடுத்துக்கொடுக்காமல் பதில் சொல்ல அங்கே ஒருவருக்கும் வரவில்லை. நான் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தது என் சொந்தக் குரலின் எதிரொலியைத்தான். ஊருக்கு உபதேசம் சொல்கிறவன் நிலைமை இது.

அன்று மாலையிலிருந்தே பாடத்தை நிறுத்தினேன். குழந்தையின் எனாமல் குவளையை என் மேல்துண்டுக்கு அடியில் மறைத்து, "குவளை எங்கே?" என்று கேட்டுவிட்டு மந்திரம் சொல்லிக்கொண்டு இருந்தேன். முதல் நாள் பாதி மந்திரத்திலேயே என் கை தானாகத் துண்டை விலக்கிவிட்டது. இரண்டாம் நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு முழுவதும் சொன்னேன். மூன்றாம் நாள் அவளே துண்டை இழுத்தாள். குவளையைக் கண்டதும் என்னைப் பார்த்து, "ஏஏ" என்று நீட்டிச் சிரித்தாள். அதற்கு நானும் "ஏஏ" என்றேன். ஜன்னலுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அதன் பிறகு நான் கோயிலிலிருந்து வருவதைப் பார்த்தால் அவளே துண்டைத் தேடி எடுத்துவருவாள். என்னைக் கண்டால் கோரையைப் பிய்க்கப் போன பிள்ளை அது.

ஆனாலும் வார்த்தை வரவில்லை. ஐந்து வாரம் போயிற்று. தட்டும் மணியும் என் கனவில் வந்தன. துண்டை விலக்கிச் சிரிக்க என் தம்பிக்கும் தெரியும்.

மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். மனைவி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பாயில் உட்கார்ந்து மறுநாள் ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து புளியங்கொட்டையைக் குவளையில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது கொட்டகைப் பக்கம், எங்கேயோ நாலு தெரு தள்ளி, ஒரு மாடு கத்தியது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

குழந்தையின் கை குவளையில் அப்படியே நின்றது. தலையைத் தூக்கினாள். விரலை வாசல் பக்கம் நீட்டி, "மா" என்றாள்.

அங்கே பசுவும் இல்லை, தரையும் அதிரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இந்தத் தடவை பதில் சொல்ல வேண்டியவன் நான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஆமா, மா" என்றேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். "கேக்குது. இவளுக்குக் காது கேக்குது. என் தம்பி மாதிரி இல்ல" என்றேன்.

மனைவி சோப்புக் கையோடு நிமிர்ந்தாள். "எந்தத் தம்பி?"

வாயை விட்டு வந்தாகிவிட்டது. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கடுதாசியில் நான் தாண்டிய வரி, தட்டு, மணி, எதையும் விடவில்லை. அவள் துணியைப் பிழிவதை நிறுத்தாமல் கேட்டாள். ஒரே வேட்டியைத் திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

"இன்னிக்கு இவ பேசலைன்னா எப்ப சொல்லியிருப்பீங்க?"

அவள் காத்திருந்தாள். ஒரு மந்திர நேரத்துக்கும் கூடுதலாகவே காத்திருந்தாள்.

"ஒரு பாவத்த மறைச்சாலும் சாமியார்கிட்ட சொல்ற பாவசங்கீர்த்தனம் செல்லாதுன்னு ஞாயித்துக்கிழமை தோறும் கத்தறீங்க" என்றாள். பிறகு, "உங்க தம்பிகிட்ட சின்ன வயசுல யாராச்சும் எதையாச்சும் கேட்டுட்டு இப்படிச் சும்மா இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

யாரும் இருந்ததில்லை. சாப்பிட்டாயா என்று யாராவது அவனிடம் வாயை அசைத்தால், அவன் முகம் மாறுவதற்குள், "சாப்பிட்டான்" என்று பக்கத்தில் நின்ற நான் சொல்லிவிடுவேன். அவனுக்கு உதவி செய்வதாகத்தான் அப்போது நினைத்தேன். அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. குழந்தையோடு மட்டும் பேசினாள். வீட்டில் நான் ஒருவன்தான் ஊமை. நாலாம் நாள் காலையில் பூசை முடிந்து வந்ததும் காகிதத்தையும் மைக்கூட்டையும் பாயில் எடுத்துவைத்தாள்.

"ஊருக்கு எழுதுங்க. முதல்ல அவரக் கேட்டு எழுதுங்க. அப்புறம்தான் மத்தவங்க. இனிமே கடுதாசி வந்தா முழுசா படிங்க."

எழுதினேன். தம்பியின் சுகத்தை விசாரித்து முதல் வரி எழுதி முடித்ததும்தான் உறைத்தது. இதை யாராவது அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவனுக்கு என்ன தெரியும்? மனைவியிடம் சொன்னேன்.

"எனக்கும் உங்க எழுத்து தெரியாது, அவருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் குழந்தையின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையில் துணியால் மையைத் தடவி, இன்னொரு தாளின் நடுவில் வைத்து அழுத்தினாள். ஐந்து விரலும் விழுந்தன. குழந்தை கையை விலக்கிப் பார்த்து, "ஏஏ" என்றாள். கையைக் கழுவ முழு எலுமிச்சம்பழம் ஒன்று செலவாயிற்று.

கப்பல் போய்க் கப்பல் வர இரண்டரை மாதமாயிற்று. அதற்குள் மகளுக்கு 'மா'வோடு 'பூ' வந்தது, 'ப்பா' வந்தது, 'தா' வந்தது. 'இந்தா' மட்டும் வரவில்லை. பொருளைக் கையில் வைப்பாள், பேசாமல் எங்கள் முகத்தைப் பார்ப்பாள். மனைவி இப்போதெல்லாம் அவளுக்குப் பதிலாக அதைச் சொல்வதில்லை.

பதில் கடுதாசியை ஒரு மாலை வாசற்படியில் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு வரிகூட விடாமல் படித்தேன். குழந்தையின் கை பதிந்த தாளைத் தம்பி எடுத்துக்கொண்டான், யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறான், வலைக்கூடைக்குள் வைத்திருக்கிறான் என்று அம்மா எழுதச் சொல்லியிருந்தாள். உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது. விரித்தேன். வலைக்குப் போடும் மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, தாளின் ஓரம் வரை விரிந்த ஒரு பெரிய உள்ளங்கை பதிந்திருந்தது. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது. சின்ன வயதில் படகில் நசுங்கிய விரல் அது. இத்தனை வருஷத்தில் அந்த விரலை நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

தாளைப் படியில் வைத்தேன். மகள் குவளையோடு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். விரித்த உள்ளங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இது சித்தப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் முழங்கையைத் தொட்டாள். மனசுக்குள் மந்திரத்தை ஆரம்பித்தேன்.

அவள் குவளைக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு புளியங்கொட்டையை எடுத்தாள். அதை அந்தப் பழுப்பு உள்ளங்கையின் நடுவில் வைத்தாள்.

"ந்தா" என்றாள்.